தட்டிவிட்டுக் காத்திருந்தவர்

எங்கள் வீட்டுக்கு அப்போது கதவு கிடையாது. கிழிந்த பூப்போட்ட லுங்கி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தேன். காற்று அது பாட்டுக்கு உள்ளே வந்து போகும். தெரு நாயும் அப்படித்தான், பக்கத்து வீட்டுக் கோழியும் அப்படித்தான். அவர் ஒருத்தர் மட்டும் திரைக்குப் பக்கத்து மரத்தூணைத் தட்டுவார். டொக், டொக், டொக். தட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். நான் உள்ளே இருப்பது திரைக்கு அடியில் தெரிகிற என் காலைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் நான் "ம்" என்று சொல்கிற வரைக்கும் வரமாட்டார்.

எங்கே போனாலும் அவருக்கு அதே பழக்கம். திறந்து கிடக்கிற கதவையும் தட்டுவார். டீக்கடையில் உட்காருவதற்கு முன்னால் மேசையைத் தட்டுவார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டலாவுக்குப் போகிற படகில் கால் வைக்கும் முன் அதன் விளிம்பைத் தட்டுவார். ஒருநாள் ரங்கூன் போட்டாதாங் சந்தையில் இளநீர் வாங்கப் போனவர், காயைக் கையில் வாங்கி மூன்று தட்டுத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டார்.

"என்ன கோ ஜீ, உள்ளே ஆள் இருக்கா?" என்று வெட்டுகிறவன் கேட்டான். பெரியண்ணன் என்று சொல்கிற மாதிரி அவரை எல்லாரும் கோ ஜீ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இப்போதைக்குத் தண்ணிதான் இருக்கு. வெட்டு" என்றார்.

அவருடைய வீட்டம்மாவுக்கு அப்பா தமிழ், அம்மா பர்மாக்காரி. என்னைவிடச் சின்னவள். என்னை மமா, மமா என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள். "மமா, கல்யாணத்தன்னைக்கு இந்த ஆளு என்ன செஞ்சாரு தெரியுமா? கொசுவலைக்கு வெளியில நின்னுக்கிட்டு கட்டில் காலைத் தட்டுறாரு! யாருன்னு கேட்டேன். நான்தாங்கிறாரு. அந்த நேரத்துல வேற எவன் வரப்போறான்?" என்று நாலு பேர் இருக்கும்போதே சொல்வாள். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அவர் சுருட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

அவர் ஆற்றில் முங்கி இரும்பு எடுக்கிறவர். ரங்கூன் ஆற்றின் அடியில் எத்தனையோ கப்பல் கிடக்கிறது. சண்டைக் காலத்தில் முங்கினது, புயலில் முங்கினது, ஏன் முங்கினது என்று யாருக்குமே தெரியாதது. அதிலிருந்து இரும்பு, பித்தளை, செம்பு எல்லாம் அறுத்து எடுப்பார்கள். லத்தாப் பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய்தான் படகுக்குச் சொந்தக்காரர். படகில் காற்றடிக்கிற மெஷின் ஒன்று தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய். குழாயின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டியைக் கட்டிக்கொண்டு, ஏற்றமும் வற்றமும் மாறுகிற நேரத்தில் ஆறு கொஞ்சம் அசையாமல் நிற்குமே, அப்போது இறங்குவார்கள். கண்ணால் பார்க்கிற வேலை இல்லை. பால் விட்ட டீ மாதிரி தண்ணீர். ஓர் ஆள் ஆழம் போனால் உன் கை உனக்குத் தெரியாது. எல்லாம் தடவித் தடவித்தான்.

இடுப்பில் ஒரு கயிறும் உண்டு. கயிற்றின் மறுமுனை படகில் ஒருத்தர் கையில் இருக்கும். கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு வந்தால் கயிறு விடு. மூன்று வந்தால் தூக்கு. மூன்று வராமல் தூக்கவே கூடாது. கப்பலுக்குள்ளே எத்தனையோ வளைவு. ஆள் எந்த மூலையில் திரும்பி நிற்கிறான் என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. இழுத்தால் குழாய் தகட்டில் மாட்டி அறுந்துவிடும். கிமெண்டைன் பக்கத்துப் படகு ஒன்றில் அப்படி நடந்தது. கயிற்றைப் பிடித்திருந்தது பெண்சாதி. பயந்துபோய்த் தூக்கிவிட்டாள். அதிலிருந்து, கட்டினவளும் கூடப் பிறந்தவர்களும் கயிற்றைத் தொடக்கூடாது என்று எல்லாப் படகிலும் வழக்கம் ஆகிவிட்டது. சொந்தக் கை பயப்படும் என்பார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. கயிறு கையில் இருக்கிற வரைக்கும் பிடித்திருப்பவர் வாயைத் திறக்கக்கூடாது. பேச்சு வந்தால் விரல் மறந்துவிடுமாம்.

நான் அந்தப் படகில் சோறு பொங்கப் போனவள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். அவர் தவறிப்போன பிறகு வேறு வழியில்லாமல் போனேன். கயிறு பிடித்திருந்த பெரியவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் பாய் ஆள் தேடினார்.

"இந்த அக்கா இருக்காங்களே" என்றார் கோ ஜீ. "வந்து மூணு மாசம் ஆச்சு, உப்பு வேணும்கிறதைத் தவிர ஒரு வார்த்தை பேசி நான் கேக்கல."

"பொம்பளையா?" என்றார் பாய்.

"கயித்துக்கு அது தெரியாது பாய்."

அப்படித்தான் அவருடைய உயிர் என் கையில் வந்தது. எனக்கு யாரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. அது ஒரு வேலைக்கு ஆகும் என்று அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.

போட்டாதாங் துறைக்கு எதிரே, ஆற்றின் நடுவே கொஞ்சம் தள்ளி, ஒரு தோணியின் நங்கூரம் எதிலோ மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கத்தான் அவர் இறங்கினார். மேலே வந்தவர் குழாயைத் துப்பிவிட்டு, "கீழ ஒரு வீடே இருக்கு" என்றார். அது என்ன கப்பல், எந்த நாட்டுக் கப்பல் என்று யாருக்கும் தெரியவில்லை. அரிசிக் கப்பல் என்று ஒருத்தர், ஜப்பான்காரன் கப்பல் என்று ஒருத்தர். பாய் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார். அங்கே அப்படி ஒரு கப்பல் முங்கினதாக யாருக்கும் நினைவில்லை.

அந்தக் கப்பலிலும் அவர் தட்டிவிட்டுத்தான் நுழைவார். சுத்தியலின் பின்பக்கத்தால் மூன்று தட்டு. பிறகு காத்திருப்பார். அப்போது கயிறு என் கையில் அசையாமல் இருக்கும். அந்த நேரத்தை நான் கயிற்றிலேயே தெரிந்துகொள்வேன். தட்டிக் கேட்டால் உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கிறதா, காற்று அடைந்திருக்கிறதா என்று தெரியும், அது வேலைக்குத் தேவையானதுதான். ஆனால் அதற்கு இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

அவருடைய மச்சான் கோ லினும் அதே படகில் முங்குகிறவன். வீட்டம்மாவுக்கு ஒரே தம்பி. அக்காவைப் போலவே வாய். "கோ ஜீ, இன்னைக்கு உள்ள டீ போட்டுக் கொடுத்தாங்களா?" என்பான்.

"வீட்ல ஆள் இல்லடா. பூட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போயிருக்காங்க" என்பார் இவர்.

ஆரம்பத்தில் இப்படி விளையாட்டாகத்தான் இருந்தது.

ஒருநாள் ஒரு மரச்சுத்தியலை எடுத்து வந்தார். கைப்பிடி நீளம், தலை தேங்காய் அளவு. சேற்றில் கிடந்ததால் உளுத்துப் போகவில்லை. ஆணி அடிக்கவும் ஆகாது, இரும்பு அடிக்கவும் ஆகாது. இது எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. டீக்கடையில் வைத்திருந்தபோது, அந்தக் காலத்தில் கப்பலில் போய் உலகம் சுற்றிய கிழவர் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டுக் கையில் எடுத்தார்.

"இது வடக்குக் கடல் கப்பல்ல இருக்கும். அங்கே அலைத்தண்ணி கப்பல் மேல விழுந்தா அப்படியே உறைஞ்சிடும். கயிறு, கம்பி, மேல்தளம் எல்லாம் ஐஸ் கட்டிக்கும். கட்டிக்கிட்டே போனா பாரம் தாங்காமக் கப்பல் கவிழ்ந்துடும். அதனால ராவும் பகலும் ஆளுங்க நின்னு இந்தச் சுத்தியலால தட்டித் தட்டி ஐஸை உடைப்பாங்க. நிறுத்தினா செத்தாங்க."

அவர் கிழவரை அந்தப் பேச்சை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு படகுக்கு வருகிற வழியெல்லாம் சுத்தியலைத் தடவிக்கொண்டே வந்தார். "அக்கா, அவங்களும் தட்டுறவங்கதான்" என்றார் என்னிடம். அவ்வளவு குளிரைத் தாண்டி வந்தவர்கள், இந்த வெயில் ஊரில், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் முங்கியிருக்கிறார்களே என்பதை அவரால் தாங்க முடியவில்லை. பாய் அந்தச் சுத்தியலுக்கு விலை கேட்கச் சொன்னார். மறுநாள் அவர் அதை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

ஏன் இப்படித் தட்டுகிறார் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. வீட்டம்மாதான் ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். அவர் சின்ன வயசாக இருந்தபோது ஆறு கடலில் சேருகிற டெல்டாப் பக்கத்தில் ஒரு மூடு படகில் போயிருக்கிறார்கள். சுழல்காற்றில் படகு தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது. இவரும் இன்னும் சிலரும் கவிழ்ந்த படகின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். இவருடைய தம்பி உள்ளே மாட்டிக்கொண்டான். உள்ளே கொஞ்சம் காற்று இருந்திருக்கிறது. பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தானாம். மேலே யார் கையிலும் கோடாலி இல்லை, கத்தி இல்லை. இவர் கையால் திருப்பித் தட்டினாராம். அவன் தட்ட, இவர் தட்ட. பிறகு இவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாராம்.

அதைக் கேட்ட பிறகு அவர் என் வீட்டுத் தூணைத் தட்டும்போது "ம்" என்று சொல்ல நான் தாமதிப்பதில்லை.

அவராக ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினார். அதுகூட தம்பி என்று சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு, இந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும் அக்கா. காப்பாத்தணும்னுகூட இல்ல" என்றார். சொல்லிவிட்டுச் சோறு என்ன குழம்பு என்று கேட்டார்.

குளிர்கால ஆரம்பத்தில், வெள்ளைக் கடல்பறவைகள் எங்கிருந்தோ துறைக்கு வந்து சேர்கிற நாட்களில், அவர் அந்தக் கதவைக் கண்டுபிடித்தார். கப்பலுக்குள் ஒரு நீள நடை, அதன் கடைசியில் இரும்புக் கதவு. மேலே வந்து பலகையில் உட்கார்ந்தார். கோ லின் துண்டைக் கொடுத்தான், வாங்கவில்லை.

"கதவைச் சுத்தி இருக்கிற தாழெல்லாம் இந்தப் பக்கம் மாட்டியிருக்கு" என்றார் கடைசியில். "யாரோ வெளியில நின்னு மூடியிருக்காங்க."

"தண்ணி ஏறியிருக்கும். மிச்சக் கப்பலைக் காப்பாத்த மூடியிருப்பாங்க" என்றான் கோ லின்.

"உள்ள ஆள் இருந்திருந்தா?"

"இருந்தா என்ன கோ ஜீ? இப்ப வந்து டீ கேக்கவா போறான்?"

அவர் சிரிக்கவில்லை. "தட்டிப் பாத்தேன். உள்ள தண்ணி இல்ல. காத்து. அவங்க மூடின அன்னைக்கு இருந்த காத்து அப்படியே இருக்கு."

பாய் மெதுவாக, "அது இஞ்சின் அறையா இருக்கும். செம்பும் பித்தளையும் அங்கதான்" என்றார்.

அதன்பிறகு அவர் இறங்கினால் நேராக அந்தக் கதவுக்குத்தான் போவார் என்று எனக்குத் தெரியும். கயிறு ஒரே நீளத்துக்குப் போய் நின்றுவிடும். நின்றால் நின்றதுதான். மற்றவர்கள் இரும்போடு வந்தார்கள், அவர் வெறுங்கையோடு வந்தார். கதவுக்கிட்டே மட்டும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது என்றார். வெயிலில் உட்கார வைத்தாலும் உதடு நீலமாகவே இருந்தது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"என்ன, பதில் வந்துச்சா?" என்று ஒருநாள் கோ லின் கிண்டலாகக் கேட்டான்.

"இன்னும் வரல" என்றார்.

கோ லின் சிரித்தான். எனக்கு அந்த 'இன்னும்' என்ற வார்த்தை மட்டும் காதிலேயே நின்றுவிட்டது.

பாய் எத்தனை நாள்தான் பொறுப்பார். கதவைத் திறக்க வேண்டும் என்றார். கோ ஜீ முடியாது என்றார். அப்படியென்றால் நான் திறக்கிறேன் என்று கோ லின் கிளம்பினான். காற்று அடைந்த அறையைத் தெரியாமல் திறந்தால் ஆறே உள்ளே பாயும், முன்னால் நிற்கிற ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கோ லினுக்குப் பொறுமை கிடையாது, எல்லாத் தாழையும் ஒரே மூச்சில் அடித்துவிடுவான். வீட்டம்மாவுக்கு இருப்பது அவன் ஒருத்தன். அதனால் அவரே, "நான் போறேன். இன்னைக்கு ஒரு தாழை மட்டும் தளர்த்துறேன். காத்து மெதுவாப் போகட்டும், தண்ணி நிறையட்டும். நாளைக்குத் திறக்கலாம்" என்றார்.

அன்று வீட்டம்மாவும் படகுக்கு வந்துவிட்டாள். தம்பி சொல்லி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"வீட்டுப் பொம்பளை படகுல ஏறக் கூடாதும்மா" என்றார் பாய்.

"ஏறினா என்ன, உங்க படகு முங்கிடுமா? நான் ஓரமா உக்காந்திருப்பேன். கயித்தைத் தொட மாட்டேன்" என்று சொல்லி, வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏறி, என் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஆற்றில் வேலை செய்கிறவர்கள் கும்பிடுகிற நாட் தேவதைக்கு வாழைப்பழமும் தேங்காயும் படகின் முன்முனையில் வைத்தார் அவர். படகின் பலகையை மூன்று தட்டுத் தட்டினார். பெண்சாதியைப் பார்த்து, "குளிருது, போர்த்திக்க" என்றார். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குழாயைக் கவ்வினார், இறங்கினார்.

கயிறு ஓடியது. வழக்கமான நீளத்தில் நின்றது. ஓர் இழுப்பு வந்தது, நன்றாக இருக்கிறேன் என்று. பிறகு அந்த அசையாத நேரம். தட்டுகிறார், காத்திருக்கிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலிலேயே இருந்தேன். காத்திருப்பது நீண்டுகொண்டே போனது.

திடீரென்று படகுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதித்தது. பெரிய பெரிய குமிழி, பானை பானையாக. படகு ஆடியது. ஒரு வாடை வந்தது. கரிப்புகையும் பழைய எண்ணெயும் நனைந்த கம்பளியும் சேர்ந்த மாதிரி, சில்லென்று ஒரு வாடை. நாங்கள் எல்லாரும் அந்தக் காற்றை மூச்சில் இழுத்தோம். இழுக்காமல் என்ன செய்வது? யாரோ எந்தக் காலத்திலோ விட்ட மூச்சு என் நெஞ்சுக்குள் போனது.

"குழாய் போயிடுச்சு! தூக்கு மமா, தூக்கு!" என்று வீட்டம்மா கத்தினாள்.

குழாய் போகவில்லை, மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அது கதவுக்குப் பின்னால் இருந்த காற்று. எனக்குத் தெரியும், ஆனால் கயிறு கையில் இருக்கிறது, பேசக்கூடாது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். மூன்று வரவில்லை. அந்த முதல் இழுப்புக்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. அவள் பாய்ந்து வந்து என் கைமேல் கை வைத்துப் பிடுங்கினாள். பாய் ஓடி வந்தார், கோ லின் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். விடவில்லை. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, அழுதுகொண்டே, அந்தக் கயிறு முழுவதையும் படகுக்குள் இழுத்துப் போட்டாள்.

அவர் வந்தார். வாயில் குழாய் இல்லை. மூக்கிலிருந்து இரத்தம். பலகையில் கிடத்தினோம். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரைக் கக்கினார். கண்ணைத் திறந்ததும் பெண்சாதியைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அக்கா. மூணு கொடுத்தேனா?"

எனக்குப் பக்கத்தில் வீட்டம்மா நின்றாள். கட்டினவள் கயிற்றைத் தொட்டாள் என்று தெரிந்தால் அவர் என்ன சொல்வாரோ, இனி எந்தப் படகு அவரைச் சேர்க்குமோ. அவள் கண்ணால் என்னைக் கெஞ்சினாள். கயிறு இன்னும் என் கையில் இருந்தது. நான் பேசவில்லை. மூன்று விரலைக் காட்டினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதி ஆகிவிட்டார் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். பாய் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். படகில் இருந்த யாரும் பிறகு அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

சில நாள் கழித்துக் கோ லின் இறங்கிப் பார்த்தான். அந்த நடையே இல்லை. காற்றுப் போனதும் கப்பல் சேற்றில் இன்னும் கீழே உட்கார்ந்துவிட்டது, மேலே மணல் மூடிவிட்டது. "போகட்டும், ஆறே வெச்சுக்கட்டும்" என்று பாய் படகை வேறு பக்கம் கொண்டுபோனார். அது என்ன கப்பல் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

அவர் மறுபடி ஆற்றில் இறங்கவே இல்லை. துறையில் கயிறு முறுக்குகிற வேலைக்குப் போனார். தட்டுவது மட்டும் அதிகமாகிவிட்டது. கதவு இல்லாத இடத்தையெல்லாம் தட்ட ஆரம்பித்தார். சுவரைத் தட்டுவார். படுத்துக்கொண்டே தரையைத் தட்டுவார். ஸ்ட்ராண்ட் சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும், இவர் ஆற்றோரக் கட்டைச் சுவரைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பார். அவர் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தவர்கள் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தார்கள். வீட்டம்மா பதிலுக்கு அவர்களை ஒரு பிடி பிடிப்பாள். உள்ளே வந்து அழுவாள்.

என் வீட்டுக்கு அப்போது தகரக் கதவு போட்டாகிவிட்டது. அதைத் தட்டிவிட்டு வருவார். தின்ன ஏதாவது கொடுப்பேன். கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்பார்.

"அக்கா, அன்னைக்கு நான் மூணு கொடுத்தேனா?"

நான் மூன்று விரலைக் காட்டுவேன்.

"நல்லாத் தெரியுமா?"

தலையாட்டுவேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். வருஷக்கணக்காக இப்படி. ஆள் பிழைத்ததை நினைத்து நினைத்துப் பார்க்கிறார் போல என்று நான் இருந்தேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றே காட்டினேன்.

டலாவுக்குப் போகிற புதுப் பாலத்துக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு நெஞ்சு கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். கட்டில் கம்பியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அக்கா. மூணு கொடுத்தேனா?"

நான் கையைத் தூக்கினேன். வீட்டம்மா என் விரல்களைப் பிடித்து மடக்கிவிட்டாள்.

"போதும் மமா" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் கொடுக்கல. நான்தான் இழுத்தேன்."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. "நீயா?"

"நான்தான். மமா கையைப் புடுங்கி இழுத்தேன். கொன்னாலும் கொல்லுங்க."

"ஒண்ணுகூட நான் கொடுக்கலையா?"

"ஒண்ணுகூட இல்ல. நீங்க வரவே இல்ல. நான் இழுத்ததாலதான் வந்தீங்க."

அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். கோபம் இல்லை. முதுகில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தால் ஆள் எப்படி நிற்பான், அப்படி ஒரு முகம்.

"அன்னைக்குத் தட்டினேன்" என்றார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார். "காத்திருந்தேன். திருப்பித் தட்டுற சத்தம் வந்துச்சு. மூணு. நான் மறுபடி தட்டினேன். மறுபடி வந்துச்சு. தாழைத் தளர்த்தினேன். காத்து மூஞ்சியில அடிச்சுக்கிட்டுப் போகுது, உள்ள இருந்து தட்டிக்கிட்டே இருக்காங்க. அதுக்கப்புறம் படகுலதான் முழிச்சேன்."

இரும்பு நெளிந்தால் அப்படிச் சத்தம் வரும் என்று கோ லின் ஒருநாள் சொல்லியிருக்கிறான். நான் அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை.

"அவங்க தட்டத் தட்ட நானே கயித்தை இழுத்துட்டு ஓடி வந்துட்டேன்னு இருந்தேன்" என்றார். "அவங்க மூச்சையும் விட்டுட்டு, கதவையும் திறக்காம. அக்கா பொய் சொல்ல மாட்டாங்களேன்னு... ஒவ்வொரு தடவையும் அக்கா விரலைக் காட்டறப்ப..."

என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன். நான் கையை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டேன்.

"யாரு தட்டியிருந்தா எனக்கென்ன?" என்றாள் வீட்டம்மா. "வெள்ளைக்காரன் தட்டட்டும், உங்க தம்பியே தட்டட்டும். இப்பவும் இழுப்பேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த மாதிரி இருந்தது. கண்ணை மூடினார். கம்பியைத் தட்டிக்கொண்டிருந்த கை அசையாமல் கிடந்தது. அவள் அந்தக் கையை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி போட வந்த பெண், "கையை விடுங்கம்மா" என்றாள்.

"அந்தப் பக்கத்துக் கையில போடு" என்றாள் இவள்.